விட்காட்ஸி வரைந்த சக கலைஞரின் உருவப்படத்தைப் படிப்பது எப்படி: முகத்திலிருந்து மூலை வரை ஒரு முழு வழிகாட்டி

போலந்து ஓவியர் ஸ்தானிஸ்வாஃப் இக்னாட்ஸி விட்கியேவிச், சுருக்கமாக விட்காட்ஸி, பாஸ்டல் என்னும் உலர்ந்த வண்ணக் குச்சியால் ஆயிரக்கணக்கில் உருவப்படங்கள் வரைந்தவர். காசு கொடுத்து வந்த டாக்டர்கள், அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம். சக ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் இன்னொரு பக்கம். இந்த இரண்டாம் பக்கத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒழுங்காகப் பார்த்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதும் அளவுக்கு வருவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வரையும்போது எடுத்துக்கொண்ட பொருள்களை விட்காட்ஸி படத்திலேயே குறித்துவைப்பார். கையெழுத்துக்குப் பக்கத்தில் கிறுக்கியிருக்கும் அந்த எழுத்துகளில் ஒன்று கோகைனைக் குறிக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அதோடு படம் முடிந்தது. கோணலான கண்ணுக்கும் பச்சை நிறக் கன்னத்துக்கும் அதுவே காரணம் என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். எந்தத் தகவல் எப்போது கண்ணில் பட வேண்டும் என்பதை வைத்துத்தான் இந்த வரிசை போட்டிருக்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், படம் பெரிய அளவில் வேண்டும். போனில் வரும் சின்னப் படம் உதவாது, ஏனென்றால் பாஸ்டல் கோடு எங்கே அழுத்தமாக விழுந்திருக்கிறது, எங்கே காகிதம் சும்மா விடப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரியாது. ஸ்வூப்ஸ்க் நகரில் உள்ள மத்திய பொமரேனிய அருங்காட்சியகத்தில்தான் உலகிலேயே பெரிய விட்காட்ஸி தொகுப்பு இருக்கிறது, 250க்கும் மேல். அதற்கு அடித்தளம் 1965இல் மொத்தமாக வாங்கிய 110 பாஸ்டல்கள். சக்கோபானே என்ற மலையூரில் அவருடைய நண்பராக இருந்த டாக்டர் பியாவினிட்ஸ்கி-பிருலாவின் குடும்பத்திலிருந்து வந்தவை. வார்சா, கிராகூவ் தேசிய அருங்காட்சியகங்களிலும் உண்டு. விட்காட்ஸி இறந்தது 1939இல் என்பதால் போலந்தில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, படங்களைத் தேடிப் பெறுவது கஷ்டமில்லை.

அடுத்து, படத்தில் இருப்பவரின் புகைப்படம். ஏதோ ஒரு புகைப்படம் போதாது, அதே பத்தாண்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். இருபது வயதுப் போட்டோவை வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வயது முகத்தை "சாயலே இல்லையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இருப்பவர் ஓவியர் என்றால் அவரே வரைந்துகொண்ட தன்னுருவம் ஒன்றும் தேடி எடுத்து வையுங்கள். இதை யாருமே செய்வதில்லை, எட்டாவது படியில் இது இல்லாமல் நகர முடியாது.

மூன்றாவதாக, காசுக்கு உருவப்படம் வரைய விட்காட்ஸி நடத்திய நிறுவனத்துக்காக 1928இல் அவர் அச்சிட்ட விதிமுறை. சில பக்கங்கள்தான், ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதை இப்போதே படித்துவிடாதீர்கள், பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் ஒரு பென்சில், நோட்டு, திரையின் ஒரு மூலையை மறைக்க ஒரு துண்டுக் காகிதம்.

2. யார் யார் என்று பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எழுதிய குறிப்புகளில் அப்பாவும் பிள்ளையும் ஒருவராகிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

விட்காட்ஸியின் அப்பா பெயரும் ஸ்தானிஸ்வாஃப் விட்கியேவிச்தான் (1851–1915). அவரும் ஓவியர், கலை விமர்சகர், மரவீடுகளுக்குப் பேர்போன சக்கோபானே கட்டடப் பாணியை உருவாக்கியவர். நம் ஆள் 1885இல் பிறந்த பிள்ளை. தேடலில் பெயரின் நடுப்பகுதி விடுபட்டால் அப்பாவின் மலைக் காட்சிகள்தான் முதலில் வந்து நிற்கும்.

படத்தில் இருப்பவர் பக்கமும் இதே சிக்கல் உண்டு. விட்காட்ஸி வரைந்தது ரஃபாவ் மல்ச்செவ்ஸ்கியை (1892–1965): மலையேறி, பனிச்சறுக்காளர், டாட்ரா மலைகளின் பனியையும் ரயில் பாதைகளையும் வரைந்தவர். தேவதைகளும் மரண தேவதையுமாக வரைந்து போலந்து முழுக்கப் பெயர் பெற்ற யட்செக் மல்ச்செவ்ஸ்கி (1854–1929) இவருடைய அப்பா. அப்பாவின் குறியீட்டு உலகத்தைக் கொண்டுவந்து மகன் முகத்தின் மேல் ஒட்டினால் குறிப்பு முழுக்கக் கெட்டுவிடும். லியோன் ஹ்விஸ்டெக்கிடம் வேறொரு குழப்பம்: ஓவியர் ஹ்விஸ்டெக்கும் தர்க்கவியல் பேராசிரியர் ஹ்விஸ்டெக்கும் ஒரே ஆள்தான், விட்காட்ஸியின் சிறுவயது நண்பர். அவரை இரண்டு ஆளாக்கிவிட வேண்டாம்.

3. ஆண்டை வைத்து எந்தக் கட்டத்துப் படம் என்று பாருங்கள்

அருங்காட்சியகத் தகவலில் ஆண்டு இருக்கும், இப்போதைக்கு அது போதும். ஆண்டு முதலிலேயே ஏன் வேண்டும் என்றால், பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் விதிமுறை எல்லாப் படத்துக்கும் பொருந்தாது.

1914 வரை ஒரு கட்டம். கரியில் வரைந்த இருண்ட முகங்கள், குடும்பம், நண்பர்கள். 1914 பிப்ரவரியில் அவருக்கு நிச்சயமாகியிருந்த யாத்விகா யான்செவ்ஸ்கா தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு கோடையில் நண்பர் பிரோனிஸ்வாஃப் மலினோவ்ஸ்கியுடன் கப்பலேறினார். ஆம், பின்னாளில் மானுடவியலில் பெரும்பெயர் எடுத்த அதே மலினோவ்ஸ்கி. ஆஸ்திரேலியா போகிற வழியில் இலங்கையில் இறங்கிச் சுற்றினார்கள். பிற்பாடு அவருடைய எண்ணெய் ஓவியங்களில் வெப்பமண்டலச் செடிகளும் கொதிக்கும் நிறங்களும் வருவதற்கு இந்தப் பயணத்தைக் காட்டுவார்கள். ஆனால் உருவப்படத்தில் ஒரு மஞ்சளைப் பார்த்ததும் "இலங்கை வெயில்" என்று எழுதிவிட வேண்டாம், அது கொஞ்சம் அதிகம்.

போர் வெடித்ததும் மலினோவ்ஸ்கியோடு சண்டை, திரும்பி ரஷ்யா போய் ஜார் படையில் அதிகாரி, 1918இல் போலந்து. அதன்பின் சில ஆண்டுகள், காட்டும் பொருளைவிட வடிவமே முக்கியம் என்ற தன் 'தூய வடிவம்' கொள்கைப்படி எண்ணெய் ஓவியங்கள், நாடகங்கள். 1920களின் நடுவில் அந்த வகை ஓவியத்தை நிறுத்திவிட்டு, 1925இல் 'எஸ்.இ. விட்கியேவிச் உருவப்பட நிறுவனம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். நிறுவனம் என்றால் ஊழியர், கட்டடம் எதுவும் இல்லை, அவர் ஒருவர்தான். 1939 செப்டம்பர் 18இல், சோவியத் படை போலந்துக்குள் நுழைந்த மறுநாள், தற்கொலை செய்துகொள்ளும் வரை பிழைப்பு இதுதான்.

உங்கள் படம் 1913ஆம் ஆண்டினது என்றால் ஐந்தாம், ஆறாம் படிகளை விட்டுவிடுங்கள். அப்போது நிறுவனமும் கிடையாது, வகைகளும் கிடையாது.

4. மூலையை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள்

இப்போது அந்தத் துண்டுக் காகிதம். கையெழுத்து பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் ஒரு மூலையில் இருக்கும், அதை மூடிவிடுங்கள். எழுத்தைப் படித்த கண்ணால் முகத்தைத் திரும்பப் புதிதாகப் பார்க்கவே முடியாது, அதுதான் காரணம். திரைப்பட விமர்சனத்தைப் படித்துவிட்டுத் தியேட்டருக்குப் போகிற மாதிரி ஆகிவிடும்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள். முகத்தைவிட அதுதான் நிறையச் சொல்லும். விட்காட்ஸி பெரும்பாலும் நிறக் காகிதத்தில் வரைந்தார்: சாம்பல், பழுப்பு, நீலச்சாயல், பச்சைச்சாயல். முகத்தின் நிழல் பல இடங்களில் வெறும் காகிதம்தான், மேலே வெளிச்சத்துக்கு மட்டும் பாஸ்டல் போட்டிருப்பார். "கன்னம் பச்சையாக இருக்கிறது, நோய் முகம்" என்று எழுதியவர்கள் பலரும் காகிதத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். முகத்துக்கு வெளியே தொடாமல் விட்ட ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அந்த நிறமும் கன்னத்து நிழலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒன்று என்றால் பச்சைக்கு அர்த்தம் தேட வேண்டிய வேலை மிச்சம்.

அடுத்து, எது முடித்திருக்கிறது, எது முடிக்காமல் கிடக்கிறது என்று பிரியுங்கள். கண்கள் கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் முழுசாக முடித்திருக்கும். வாய் பெரும்பாலும் முடித்திருக்கும். காது, கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் இரண்டு மூன்று கோடுகளோடு நின்றுவிடலாம், தோள் காகிதத்துக்குள் கரைந்துவிடலாம். கோடு எங்கே நிற்கிறது என்று நோட்டில் ஒரு சின்ன வரைபடம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக வரைய வேண்டியதில்லை, ஒரு முட்டை வடிவம் போதும். வார்த்தையில் மட்டும் எழுதினால் பார்த்ததாக நினைத்த இடத்தை உண்மையில் பார்த்தோமா என்று தெரியாது.

இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றைக் கையால் மறைத்து மற்றதை, பிறகு மாற்றி. பல படங்களில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஒன்று நம்மை நேராக, மற்றது கொஞ்சம் தாண்டி. மொத்தமாகப் பார்க்கும்போது ஒரு அமைதியின்மை தெரியும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

கடைசியாகப் பின்னணி. வெறும் நிறப் பூச்சா, கோடுகளா, இல்லை மலையும் விசித்திர உயிரினங்களும் சுருண்டு வருகின்றனவா? தலை உடம்போடு இருக்கிறதா, தனியாக மிதக்கிறதா? விளக்கம் வேண்டாம், இருப்பதை மட்டும் எழுதுங்கள். "பயமுறுத்தும்", "மர்மமான" போன்ற சொற்கள் இந்தப் பக்கத்தில் வந்தால் அடித்துவிடுங்கள்.

5. இப்போது மூலையைத் திறந்து எழுத்துகளைப் பிரியுங்கள்

துண்டுக் காகிதத்தை எடுங்கள். கையெழுத்து, ஆண்டு, சில சமயம் மாதம், அப்புறம் சில சுருக்கங்கள். இவற்றை ஒரே மூச்சில் படிக்காமல் நான்கு கூறாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது.

ஒன்று, கையெழுத்து. விட்காட்ஸி என்பதையே விதவிதமாக எழுத்துக்கூட்டி விளையாடுவார். எழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் போலி என்று சொல்லிவிடாதீர்கள். போலிகள் நிறையவே உலவுகின்றன என்பது உண்மை, ஆனால் அதைத் திரையில் பார்த்து முடிவு செய்யும் வேலை நம்முடையதில்லை.

இரண்டு, தேதி. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது போலந்து வழக்கம். அதைப் பிரதி எண் என்றும் வரிசை எண் என்றும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மூன்று, வகை. 'டி' (T) என்ற எழுத்து, புள்ளி, பிறகு இன்னொரு எழுத்து. முதல் எழுத்து 'வகை' என்பதற்கான போலிஷ் சொல்லின் சுருக்கம். இரண்டாவதுதான் முக்கியம்: ஏ (A), பி (B), சி (C), டி (D), ஈ (E), இல்லாவிட்டால் இவற்றின் கலவை. இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'சி வகை' என்பதைப் பார்த்ததும் சி என்றால் கோகைன் என்று படித்துவிடுகிறார்கள். இல்லை. சி என்பது வகையின் பெயர். கோகைனுக்குத் தனியாக 'சி', 'ஓ' (Co) என்ற இரண்டு எழுத்துச் சுருக்கம் உண்டு, வேதியியல் குறியீடு மாதிரி பக்கத்தில் நிற்கும்.

நான்கு, விரதக் கணக்கு. 'நியே பாலிவ்' என்றால் போலிஷில் புகைக்கவில்லை. 'நியே பிவ்' என்றால் குடிக்கவில்லை. இரண்டுக்கும் முதலெழுத்துகள் (N, P) ஒன்றேதான் என்பதால், குடிக்கவில்லை என்பதற்கு மட்டும் இரண்டாவது எழுத்தைக் கிரேக்க 'பை'யாக (π) போட்டுவிடுவார். பக்கத்தில் வரும் எண், அந்தப் பழக்கத்தை விட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்ற கணக்கு. அதை விலை என்று நினைத்து "வெறும் சில ஸ்வாட்டிக்கு (போலந்து நாணயம்) வரைந்திருக்கிறார், பாவம்" என்று உருகியவர்களும் உண்டு.

படிக்க முடியாத குறி ஒன்று இருந்தால் அதை அப்படியே வரைந்து வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அருங்காட்சியகப் பட்டியலில் பெரும்பாலும் முழுமையாக எழுத்துப்பெயர்த்து வைத்திருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

6. விதிமுறையைப் படித்து, வகைக்கு என்ன அனுமதி என்று பாருங்கள்

இப்போதுதான் 1928 விதிமுறையைத் திறக்க வேண்டும். பாதி நையாண்டி, பாதி நிஜ ஒப்பந்தம். சிரித்துவிட்டு மூடிவிடாதீர்கள், படத்தில் எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஆவணம் அதுதான்.

ஏ வகை மிக வழவழப்பானது, அழகை எடுத்துக்காட்டுவது, பெண் முகங்களுக்கு ஏற்றது என்கிறார். விலையும் அதிகம், 350 ஸ்வாட்டி. பி வகையில் குணச்சாயல் கூடுதல், ஆனால் கேலிச்சித்திரத்தின் தடம்கூட இல்லை, 250. அதோடு ஒரு சிறிய 'டி' (d) சேர்ந்தால் குணச்சாயலை இன்னும் இறுக்கிக் கேலிச்சித்திரத்தின் எல்லை வரை போகலாம்; 150. ஈ வகை அவர் மனதில் பட்டபடி உளவியல் வாசிப்பு. 150 முதல் 250 வரை. குழந்தைகளுக்குத் தனி வகை. சி வகை மதுவின், போதைப்பொருள்களின் துணையோடு வரைவது. அதற்கு விலையே போடவில்லை, இப்போது கிடையாது என்றும் எழுதிவிட்டார். தனி டி (D) வகை, சி வகையின் அதே விளைவை எந்தப் பொருளும் இல்லாமல் கொண்டுவருவது, 100.

விலை எந்தத் திசையில் இறங்குகிறது என்று கவனியுங்கள். முகத்தை எவ்வளவு மாற்றுகிறாரோ அவ்வளவு மலிவு. வாடிக்கையாளருக்குப் பிடித்த வழவழப்புதான் விலை உயர்ந்த சரக்கு. ஆக, 'டி' சேர்ந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு "முகத்தை ஏன் இப்படிக் கோணலாக்கினார், வெறுப்பா" என்று கேட்பது பொருத்தமில்லாத கேள்வி. அந்த வகைக்கு அதுதான் வேலை.

இன்னும் சில விதிகள் நேரடியாகப் பயன்படும். கை வரைய வேண்டுமென்றால் ஒவ்வொரு கைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதனால் கை இல்லாத படத்தைப் பார்த்துக் கையின்மைக்குத் தத்துவம் எழுதும் முன் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். கரி, கிரயான், பென்சில், பாஸ்டல் கலந்ததுதான் உத்தி என்று விதிமுறையே சொல்கிறது, ஆகவே குறிப்பில் 'பாஸ்டல்' என்று மட்டும் போடும் முன் அருங்காட்சியகத் தகவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். படம் பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு மறுக்கலாம், படம் நிறுவனத்துக்கு. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது. சாயல் இருக்கிறது, இல்லை என்ற பேச்சே கூடாது, நிறுவனத்தின் நரம்புகளைக் காப்பாற்ற வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

7. கட்டணப் படமா, நட்புப் படமா என்று முடிவு செய்யுங்கள்

சக கலைஞரின் படத்தைப் பொறுத்தவரை மொத்த வழிகாட்டியிலும் கனமான படி இதுதான். விதிமுறை என்பது விட்காட்ஸிக்கும் காசு கொடுக்கிறவருக்கும் இடையிலான சுவர். சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சுவர் கிடையாது.

விலைப்பட்டியலில் இல்லாத, இப்போது கிடையாது என்று அறிவித்துவிட்ட சி வகையில் ஏராளமான படங்கள் ஏன் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அவை விற்பனைக்கு வரைந்தவை அல்ல. சக்கோபானேயில் நண்பர்கள் வீட்டில், குறிப்பாக அந்த டாக்டர் பிருலாவின் வீட்டில் கூடும் மாலைகளில், ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள் நடுவே வரைந்தவை. அங்கே உட்காருகிறவர் வாடிக்கையாளர் இல்லை. சோதனையில் அவரும் ஒரு பங்காளி.

எப்படிக் கண்டுபிடிப்பது? வகை எழுத்தைப் பாருங்கள். ஏ, சுத்தமான பி என்றால் கட்டணப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி இல்லை, நண்பரின் மனைவிக்கு அன்பளிப்பாகவும் ஏ வகை போயிருக்கலாம். சி, டி என்றால் நட்பு வட்டம் என்று தொடங்கலாம். அப்புறம் ஒரே முகம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடுங்கள். காசு கொடுத்தவர் ஒரு படத்தோடு போய்விடுவார், நண்பர் திரும்பத் திரும்ப வருவார். கடைசியாக, படம் யாரிடமிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்தது என்ற தகவல். உட்கார்ந்தவரின் குடும்பத்திலிருந்து வந்ததா, மூன்றாம் ஆள் வீட்டிலிருந்து வந்ததா? பிருலா வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு முகம், அந்த முகத்துக்குரியவர் வாங்கிக்கொண்டு போன முகம் அல்ல.

நட்புப் படம் என்று தெரிந்துவிட்டால் ஆறாம் படியின் விலைக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். வகை எழுத்தை மட்டும், எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்ற அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

8. உட்கார்ந்தவர் தன்னை எப்படி வரைந்தார் என்பதோடு ஒப்பிடுங்கள்

பொதுவாக உருவப்படத்தைப் போட்டோவோடு மட்டும் ஒப்பிடுவார்கள். உட்கார்ந்தவரும் கலைஞர் என்றால் அது பாதி வேலைதான். அவருக்குத் தன் முகத்தைப் பற்றிச் சொந்தக் கருத்து இருக்கிறது, அதைப் படமாகவும் வைத்திருக்கிறார்.

புரூனோ ஷுல்ஸை எடுத்துக்கொள்வோம். 1892இல் திரோகோபிச்சில் பிறந்து, அதே ஊரில் பள்ளி ஓவிய ஆசிரியராக வாழ்ந்து, 1942 நவம்பரில் அங்கேயே கெஸ்டாபோ எனும் நாஜி ரகசியப் போலீஸ்காரன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டவர். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. உலகம் இவரை எழுத்தாளராக அறிகிறது, ஆனால் முதலில் ஓவியர்; எண்ணெய் ஓவியங்களில் 1920ஆம் ஆண்டின் ஒன்றே ஒன்றுதான் தப்பியிருக்கிறது. விட்காட்ஸி இவரை 1935இல் பாஸ்டலில் வரைந்தார். அதே ஆண்டு ஒரு வார இதழில் இவரைப் பேட்டியும் கண்டார், ஷுல்ஸ் அதற்கு நீண்ட கடிதமாகவே பதில் எழுதினார். அதாவது வரைந்தவர் வரையப்பட்டவரின் கலையைப் பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஷுல்ஸ் தன்னை எப்படி வரைந்தார்? 1920களின் தொடக்கத்தில் கண்ணாடித் தகட்டைச் சுரண்டி ஒளிப்படத் தாளில் அச்செடுக்கும் முறையில் ஒரு படத்தொகுதி செய்தார். அதன் தொடக்கப் படத்தில் தலை குனிந்து, தட்டில் ஒரு கிரீடத்தை ஏந்தி நிற்பவர் அவரே. மற்றப் படங்களிலும் பெண்களின் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும் குள்ளமான ஆண்களில் அவர் முகம் வந்துகொண்டே இருக்கும். பெரிய தலை, சுருங்கிய உடம்பு.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: ஷுல்ஸ் தன் முகத்தில் எதைப் பெரிதாக்கினார்? விட்காட்ஸி எதை? இரண்டும் ஒன்றா? போட்டோவில் இரண்டுமே இல்லையா? கலைஞர் தன்னைக் குனிந்த ஆளாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது, நண்பர் அவரை நேர்ப்பார்வையில் உட்காரவைத்து, உடம்பை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே ஒரு பதில். நான்காம் படியில் எழுதிய பக்கத்தை எடுத்து, அதில் 'பெரியது', 'முடித்தது' என்று குறித்த இடங்களை மட்டும் தன்னுருவத்தோடு பொருத்திப் பாருங்கள். மொத்த முகத்தையும் ஒப்பிட முயன்றால் 'ஓரளவு சாயல் இருக்கிறது' என்ற உப்புச்சப்பில்லாத வரியில்தான் போய் முடியும்.

ரஃபாவ் மல்ச்செவ்ஸ்கி போன்றவர்களுக்குத் தன்னுருவத்தைவிட அவர் வரைந்த பனிக் காட்சிகள் பயன்படும். அவருடைய இறுக்கமான வெறுமையும் விட்காட்ஸியின் சுருண்டு நெளியும் கோடும் எவ்வளவு எதிரெதிர் என்று தெரிந்தால், முகத்தில் எது நண்பருடையது, எது வரைந்தவருடைய கைப்பழக்கம் என்று ஓரளவு பிரிக்கலாம்.

9. போதைப்பொருள் குறிகளைக் கடைசியில் எடுங்கள்

இவ்வளவு தூரம் தள்ளி வைத்ததற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். முந்தைய எட்டுப் படிகளில் விளக்கம் கிடைத்தவற்றைக் கழித்துவிட்டால், இந்தக் குறிகள் விளக்க வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம்.

குறிகளில் கோகைன் இருக்கலாம், ஈதர் இருக்கலாம், மெஸ்கலின் இருக்கலாம். கூடவே தேநீர், காப்பி, பீர் எல்லாமே இருக்கும். தேநீர், கோகைன் என்று பாகுபாடில்லாமல் எல்லாவற்றுக்கும் குறி போட்ட ஆள் அவர். கெட்ட பெயரைப் பறைசாற்றுவதாக இதைப் பார்ப்பதைவிட, ஆய்வுக்கூடக் குறிப்பாகப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். புகைக்காத நாட்களைக்கூடக் கணக்கு வைத்திருக்கிறாரே. 1932இல் போதைப்பொருள்கள் பற்றி அவர் வெளியிட்ட நூலும் புகையிலையையும் மதுவையும் கடுமையாகத் திட்டுகிறது.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே முகத்தின் சி வகை ஒன்றும் டி வகை ஒன்றும் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குறி எழுதிய இடத்தை மறைத்துவிட்டு. எது பொருளோடு வரைந்தது என்று சரியாகச் சொல்ல முடிகிறதா? பெரும்பாலானவர்கள் தயங்குகிறார்கள். டி வகை என்று ஒன்றை உருவாக்கியதே அந்தத் தயக்கம் வரட்டும் என்றுதான்.

10. குறிப்பு எழுதும் வரிசை

பார்த்த வரிசையில் எழுத வேண்டாம். முதலில் தகவல் வரி: வரைந்தவர், இருப்பவர், ஆண்டு, உத்தி, காகிதம், இருக்குமிடம். அடுத்து மூலை எழுத்துகள் அப்படியே, பக்கத்தில் உங்கள் வாசிப்பு. இரண்டையும் கலக்காதீர்கள், ஏனென்றால் உங்கள் வாசிப்பு தவறாக இருந்தால் அடுத்தவர் திருத்த மூலம் வேண்டும். அப்புறம் நான்காம் படியின் கவனிப்புகள், ஒப்பீடு, கட்டணமா நட்பா என்ற உங்கள் முடிவும் அதற்கான காரணமும். பொருள்களுக்கு ஒரு வாக்கியம் போதும்.

வாழ்க்கை வரலாற்றை உள்ளே கொட்டாதீர்கள். குறிப்பாக இருவரின் சாவையும். 1935இல் வரைந்த கண்ணில் 1939ஐயும் 1942ஐயும் படிப்பது ரொம்ப சுலபம், அநேகமாக எல்லோரும் அதைச் செய்கிறார்கள், படத்தில் அதற்கு ஆதாரமாக ஒரு கோடுகூட இருக்காது.

மூலை சட்டத்துக்கு அடியில் மறைந்துபோன படம் கிடைத்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாஸ்டல் உதிரும் என்பதால் கண்ணாடியும் சட்டமும் இல்லாமல் வைக்க முடியாது, ஆகவே இது அடிக்கடி நடக்கும். அந்த அருங்காட்சியகத்தின் பட்டியலில் சட்டமில்லாமல் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐந்து, ஆறு, ஒன்பதாம் படிகளை விட்டுவிட்டு, 'வகைக் குறி தெரியவில்லை' என்று தகவல் வரியில் எழுதிவிட்டு, நான்கையும் எட்டையும் வைத்தே குறிப்பை முடித்துவிடுங்கள். முகத்தைப் பார்த்து வகையை ஊகித்துப் போடுவது மட்டும் வேண்டாம்.